வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

(மலாக்கா மாநிலத் தோட்ட, நகரக் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். உங்களில் சிலருக்கு அந்தக் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டது. சிலருக்கு நாளை வரலாம். தோட்ட ஆபீசிலிருந்து வரும். மலாய் மொழியில் இருக்கும். தோட்டம் கைமாறிவிட்டது, இத்தனை நாளில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கீழே உங்கள் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். கிராணி பேனாவை நீட்டுவார். "எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டுந்தான் பாக்கி" என்பார்.

அந்தக் கோட்டில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். இந்த உரை முழுவதையும் நீங்கள் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடிதம் கையில் கிடைத்தது என்பதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், "பெற்றுக்கொண்டேன், சம்மதம் இல்லை" என்று தமிழிலோ மலாயிலோ எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

இந்த நாட்டில் ரப்பர் வாணிபப் பயிராக முதலில் ஊன்றப்பட்டது நம் மலாக்கா மண்ணில்தான். 1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் ஆசஹானில் மூவாயிரம் ஏக்கர் அளவில் பெரிய தோட்டம் உருவானது. அவர் வழியைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். காடு வெட்ட, மரம் நட, பால் வெட்ட ஆள் வேண்டுமே? முதலில் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். 1910-இல் அந்த முறை ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை அது நடந்தது.

அப்படி வந்தவர்களுக்குத் தோட்டம்தான் ஊர். லயத்து வீடு, பிரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோவில், கடன் கொடுக்கும் கடை, திருவிழாவுக்கு ஒரு திடல், செத்தால் புதைக்க ஒரு சுடுகாடு, எல்லாமே அந்த எல்லைக்குள் இருந்தது. வெளியே போக வேண்டிய தேவையே இல்லாமல் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்துவிட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊரில் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. வேலை கொடுத்தவரும் வீடு கொடுத்தவரும் ஒரே ஆள். பள்ளி நின்ற நிலமும் கோவில் நின்ற நிலமும் அவருடையதுதான். வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேலை அறுந்தால் கூரையும் சேர்ந்து விழும். நம்முடைய எல்லாத் துன்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கயிறு அறுபடுவது புதிதும் அல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். பெரிய தோட்டத்துக்குத்தான் சங்கம் உண்டு, பள்ளி உண்டு, மருந்தகம் உண்டு. பத்து ஏக்கர் துண்டுக்கு இவை எதுவும் கிடையாது. அந்த நேரத்தில்தான் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே தோட்டத்தை வாங்கலாம் என்று காட்டியது அந்தச் சங்கம்.

நம் மலாக்காவிலும் வாய் திறந்தவர்கள் இருந்தார்கள். 1967-இல் வேலைநிறுத்தம் செய்த புக்கிட் ஆசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நம் தாத்தா பாட்டிமார் வாயில்லாப் பூச்சிகளாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால் வெட்டுக்குப் புருசனும் பெண்டாட்டியும் விடியற்காலையில் சேர்ந்து போவார்கள், பிள்ளைகள் கூட மங்கு கழுவும். செம்பனைக்குக் குலை அறுக்கச் சில ஆண்கள், உதிரி பொறுக்கச் சில பெண்கள் போதும். ஏக்கருக்குத் தேவைப்படும் கை குறைந்தது. அந்தக் குறைந்த வேலைக்கும் குத்தகைக்காரர் வழியாக வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். அவர்கள் மீது கோபப்பட வேண்டாம். நம் பாட்டன் எப்படி வந்தாரோ அப்படித்தான் அவர்களும் கடனோடு வந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தோட்ட நிலம் தொழிற்பேட்டையாகவும், வீடமைப்புத் திட்டமாகவும், கோல்ஃப் திடலாகவும் மாறியது. 1980-க்கும் 2000-க்கும் இடையில் ஏறக்குறைய மூன்று இலட்சம் இந்தியர்கள் தோட்டங்களிலிருந்து இடம் பெயர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்களும், காவலாளிகளும், லாரி ஓட்டுநர்களும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கேட்டால் உடனே ஒரு பெயர் சொல்வீர்கள். அந்தத் தோட்டத்தை விட்டு வரும்போது கையில் என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் பதில் வராது.

இனி அந்தப் பதில் வர வேண்டும். ஆகவே சட்டத்துக்கு வருகிறேன். எல்லாரும் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: "ஐயா, நாலு தலைமுறையா இருக்கோம், இந்த வீடு எங்களுக்குச் சொந்தமாகாதா?"

ஆகாது. கசப்பாக இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமையாளரின் நில உரிமை போய்விடாது என்கிறது. அரசு தோட்டத்தைக் கையகப்படுத்தினாலும் இதே சங்கடம்தான். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், இழப்பீடு கேட்கக்கூடியவர் யார் என்று சொல்லும் இடத்தில், உரிமையாளர் விருப்பத்தின் பேரில் மட்டும் குடியிருப்பவரை வெளியே தள்ளிவிடுகிறது. கோடிக்கணக்கான இழப்பீடு கம்பெனிக்குப் போகும். மரத்தை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் சட்டப்படி பங்கு இல்லை. "பட்டா வாங்கித் தருகிறேன், ஐந்நூறு வெள்ளி கொடு" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இரண்டாவது கேள்வி: "அப்படின்னா நாங்க புறம்போக்குவாசிகளா?"

இல்லை. இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1982-இல் சிடேக் என்பவர் பேராக் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அனுமதி இல்லாமல் நிலத்தில் புகுந்தவர்களுக்குச் சட்டத்திலும் நியாயத்திலும் உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இன்றும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் நீங்கள் இரவோடு இரவாக வந்து கொட்டகை போட்டவர்களா? நிர்வாகம் கூப்பிட்டு, எண் போட்ட வீட்டைக் கொடுத்து, சாவியைக் கையில் வைத்தது. நீங்கள் அனுமதியோடு வந்தவர்கள்.

நீதிமன்ற விதிகளில் 89-ஆம் ஆணை என்று ஒன்று இருக்கிறது. ஆக்கிரமிப்பாளர்களை முழு விசாரணை இல்லாமல் விரைவாக வெளியேற்றும் குறுக்கு வழி அது. தோட்டக் குடும்பங்கள் மீதும் இந்த வழியில் வழக்குப் போடுவார்கள். 1991-இல் பொஹாரி பின் தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. வெறும் ஆக்கிரமிப்பாளர் வேறு, அனுமதியோடு உள்ளே வந்தவர் வேறு. இரண்டாமவருக்கு இந்தக் குறுக்கு வழி பொருந்தாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே நிர்வாகம் அனுமதி கொடுத்தது என்பதற்கான காகிதம் உங்களிடம் இருந்தால், முழு விசாரணை கேட்க முடியும். விசாரணை நடந்தால் வெல்வோம் என்று நான் உறுதி தரவில்லை. ஆனால் நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் பேச்சுவார்த்தைக்கு இடம் கிடைக்கும். புல்டோசரோடு வருகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கதவைப் பெயர்த்தால், கூரையைப் பிரித்தால், சாமானை வெளியே எறிந்தால், கை கலக்காதீர்கள். போட்டோ எடுங்கள், போலீசில் புகார் எழுதுங்கள், புகார் நகலோடு வழக்கறிஞரிடம் வாருங்கள். சட்ட வழியில் இல்லாமல் குடியிருப்பிலிருந்து துரத்தப்பட்டவர் வழக்குப் போட 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தால் அதில் உள்ள தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். போகாமல் இருந்தால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும்.

மூன்றாவது கேள்வி வேலையைப் பற்றியது. பணம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தோட்டம் மூடினாலோ ஆள் குறைத்தாலோ, 1980-ஆம் ஆண்டு பணிநீக்க, ஆட்குறைப்புச் சலுகை விதிமுறைகளின்படி உங்களுக்கு இழப்பீடு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் போதும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். 22 ஆண்டு வேலை செய்த ஓர் அம்மாவுக்கு 440 நாள் சம்பளம் வர வேண்டும். கடைசி 12 மாதச் சராசரிப்படி ஒரு நாள் சம்பளம் 55 வெள்ளி என்று வைத்தால், 24,200 வெள்ளி. இந்தப் பணம் வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும். இது தவிர முன்னறிவிப்பு வேண்டும்: ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பாக நிர்வாகம் தொழிலாளர் இலாகாவுக்கும் படிவம் அனுப்ப வேண்டும்.

இப்போது அந்தக் கடிதத்துக்குத் திரும்புவோம். சில கடிதங்களில் "நானே விரும்பி வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் அது ராஜினாமா. தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு இல்லை. ஆயிரம் வெள்ளி "அன்பளிப்பு" கொடுத்து, 24,200 வெள்ளியை மிச்சம் பிடிக்கும் வரி அது. பேனாவை நீட்டும்போது ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வகை உண்டு. தோட்டம் கைமாறி ஏழு நாளுக்குள் புதிய முதலாளி பழைய சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தருகிறேன் என்றால், அதைக் காரணமில்லாமல் மறுப்பவருக்கும் இழப்பீடு போய்விடும். அப்படித் தொடர்ந்தால் பழைய சேவை ஆண்டுகளும் சேர்ந்துதான் கணக்கு. ஆகவே "புதிய கம்பெனி, புதிய சேவை, முதல் நாளிலிருந்து கணக்கு" என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். குத்தகைக்காரர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலையைக் கொடுத்த தோட்ட நிர்வாகத்திடமே மூன்று மாதச் சம்பளம் வரை கேட்க 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் 90 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியில் தொடங்கி 2025-இல் 1,700 வெள்ளிக்கு உயர்ந்திருக்கிறது. அதற்குக் குறைவாகத் தந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அங்கே வழக்காட வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. அநியாயமாக வேலை நீக்கம் செய்தால் தொழில் உறவுத் துறையில் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடிவிடும்.

நான்காவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது: "வீட்டுக்கு என்ன வழி?"

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வேலை செய்யும் காலத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வேலை முடிந்தபின் எங்கே போவது என்பதற்கு அதில் பதில் இல்லை. இதுவரை தோட்ட மக்களுக்கு மாற்று வீடு கிடைத்த இடங்களில் எல்லாம், ஒற்றுமையாக நின்று பேசியதால்தான் கிடைத்தது. சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களைப் பாருங்கள். பல்லாண்டு காலம் விடாமல் கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், பிரிந்து போகவில்லை. 2023-இல் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புக்கு மத்திய அரசு நிதி ஒதுக்க முன்வந்தது. இத்தனை காலம் பிடித்தது அநியாயம். ஆனாலும் கலைந்து போயிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

நம் கையில் ஒரு பிடி இருக்கிறது. விவசாய நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசின் அனுமதி வேண்டும். கட்டுமானத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்கும் முன்பு மேம்பாட்டாளருக்கு அரசின் தயவு தேவை. கிடைத்த பிறகு நம் முகத்தைப் பார்க்க அவருக்கு அவசியம் இல்லை. ஆகவே தோட்டம் விற்கப்படுகிறது என்று காதில் விழுந்த அன்றே மந்திரி பெசார் இல்லாத நம் மாநிலத்தில் முதலமைச்சர் அலுவலகத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், நில அலுவலகத்துக்கும் கூட்டு மனு போக வேண்டும். "மாற்று வீட்டை நிபந்தனையாக வைத்து அனுமதி கொடுங்கள்" என்பதுதான் கோரிக்கை. வாய்மொழி வாக்குறுதி வேண்டாம். எந்த இடம், எத்தனை வீடு, என்ன விலை, எப்போது சாவி, அதுவரை லயத்தில் தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு, இந்த ஐந்தும் எழுத்தில் வேண்டும்.

அதே மனுவில் பள்ளியையும் கோவிலையும் சேருங்கள். பெயரில் "தோட்டம்" என்று தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கின்றன. பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். கோவில் நிலத்தையும் அப்படியே பாருங்கள். கும்பாபிஷேகத்துக்குச் செலவு செய்யும் முன், நிலத்துக்கு ஒரு காகிதம் கேளுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல வீடுகளில் வீடு புருசன் பேரில், சம்பளச் சீட்டு புருசன் பேரில், மனைவி செய்த வேலைக்குப் பேரே இல்லை. அவர் கண்ணை மூடினால், முப்பது வருசம் உதிரி பொறுக்கிய அம்மா அந்த வீட்டில் யாரோ ஆகிவிடுகிறார். உங்கள் வேலை உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். உங்கள் பெயரில் சேமநிதி போகிறதா, சொக்சோ போகிறதா என்று இந்த மாதமே அவர்களுடைய அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய்ப் பாருங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் சிக்கல், ஆஸ்பத்திரியிலும் சிக்கல், பின்னால் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடும்போதும் சிக்கல்.

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் காலி செய்யுங்கள். வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, சொக்சோ அட்டை, வீட்டு எண் எழுதிய தண்ணீர் அல்லது மின்சார பில், சங்கச் சந்தா ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், லயத்து வாசலில் எடுத்த பழைய குடும்பப் படம், எல்லாவற்றையும் அதில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து நகரத்தில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் நம் கண்ணீர் சாட்சி சொல்லாது, அந்த டின்தான் சொல்லும்.

அடுத்து, ஒவ்வொரு தோட்டத்திலும் ஐந்து பேர் கொண்ட குழு அமையுங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். கட்சி எதுவாக இருந்தாலும் அதை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். நிர்வாகம் தனித்தனியாகக் கூப்பிட்டால், "குழுவோடு வருகிறோம்" என்று சொல்லுங்கள். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசாங்கச் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது.

தோட்டம் நமக்குச் சொந்தமில்லை. ஆனால் அங்கே நாம் செய்த வேலை நமக்குச் சொந்தம். அதற்கான கணக்கைத் தீர்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.